அழையா விருந்தாளி



1950ஆம் ஆண்டில் இலங்கை வானொலி தன் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கிற்று. அதன் பின்னர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே விளம்பரம் கேட்டுப் பழகினோம். அவ்விளம்பரம் தன் முறை வரும்வரை காத்திருந்தது. இணைய விளம்பரமோ காத்திருக்கவில்லை. படிக்கும் பக்கத்தின் மேல் தனிச் சாளரமாய்த் திடீரெனத் தோன்றிற்று.

இவ்வழக்கம் பிறந்த கதை வியப்புக்குரியது. 1990களில் அமெரிக்காவின் டிரைபாட் நிறுவனத்தில் பணியாற்றியவர் ஈதன் சக்கர்மன். ஆபாசப் பக்கமொன்றில் தன் விளம்பரம் இடம்பெற்றதைக் கண்டு கார் நிறுவனமொன்று பதறவே, விளம்பரத்தைத் தனிச் சாளரத்தில் திறக்கும் நிரலை அவர் எழுதினார். விளம்பரதாரரின் மானங்காக்கப் பிறந்த வழி, வாசகரின் அமைதியைக் குலைத்தது. 2014இல் அவரே மன்னிப்புக் கோரினார்.

வேண்டாதவை பிள்ளைகளின் கண்ணில் படாதிருக்க, இணையக் கட்டணச் சலுகை பெறும் பாடசாலைகள் வடிகட்டி பொருத்தவேண்டுமென 2000ஆம் ஆண்டில் அமெரிக்கா சட்டமியற்றிற்று. ஆனால் அக்கால வடிகட்டிகள் சொல்லைக் கண்டன, பொருளைக் காணவில்லை. மார்பகப் புற்றுநோய் பற்றிய நல்லறிவும் அவற்றால் தடைப்பட்டதுண்டு.

கதவை அடைத்தல் எளிது. எவருக்கு அடைப்பது, எவருக்குத் திறப்பது என்பதை இயந்திரம் தனித்து அறியாது. நம் பாடசாலைக் கணினி அறையிலும் பிள்ளையின் அருகே ஆசிரியர் ஒருவர் இருத்தல் வேண்டும்.