அவங்களுக்கு என்ன நட்டம்?



சுஹதாக்கள் தினத்தைப் பற்றி வகுப்பில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் கேட்டான்: "சேர், ஷஹீதானவங்க சுவர்க்கத்துக்குப் போயிட்டாங்க எண்டா அவங்களுக்கு என்ன நட்டம்? நட்டம் குடும்பத்துக்குத்தானே?"

உடனே பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

இளையவர்களுக்காக முதலில் வரலாறு. 1990 ஓகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை இரவு. காத்தான்குடி மீரா ஜும்ஆப் பள்ளிவாயலிலும் ஹுஸைனிய்யா பள்ளிவாயலிலும் இஷா தொழுதுகொண்டிருந்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு. நாம் நினைவுகூரும் சுஹதாக்கள் 103 பேர். பெரியவர்களோடு ஸஃப்பில் நின்ற சிறுவர்களும் அதில் அடக்கம். உயிர் தப்பியவர்கள் விடுதலைப் புலிகளைச் சொன்னார்கள், இயக்கம் மறுத்தது. எட்டு நாள் கழித்து ஏறாவூரில் நூற்றுக்கும் மேற்பட்டோர். மீரா பள்ளிச் சுவரில் சன்னம் பாய்ந்த துளைகளை இன்றும் பார்க்கலாம்.

இனி அந்தக் கேள்வி. சுமார் 2300 வருடங்களுக்கு முன் எபிகூரஸ் என்ற கிரேக்க அறிஞர், மரணம் வரும்போது நாம் இருப்பதில்லை, ஆகவே அது நமக்குத் தீங்கில்லை என்றார். நம் ஈமான் அதற்கு நேர்மாறு: ஷஹீதுகள் இறைவனிடம் உயிரோடு இருக்கிறார்கள். ஆனால் இரண்டையும் வைத்து அந்த மாணவன் சொன்ன முடிவுக்கே வந்துவிடலாம் போலத் தெரிகிறது.

வர முடியாது. அன்று ஸஃப்பில் நின்ற சிறுவன் இன்று நாற்பது கடந்த வாப்பாவாக இருந்திருப்பான். ஓ.எல். எழுதியிருப்பான், வாவியில் வலை வீசியிருப்பான், தன் பிள்ளையின் கையைப் பிடித்து அதே பள்ளிக்கு வந்திருப்பான். அந்த வருடங்கள் அவனுடையவை. பறிபோனதும் அவனிடமிருந்துதான். சுவர்க்கம் அல்லாஹ்வின் கருணை. சுட்டவன் கொடுத்த நன்மை அல்ல.

சூரா தக்வீரை நினைத்துப் பாருங்கள். உயிரோடு புதைக்கப்பட்ட பெண் பிள்ளை எந்தக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டாள் என்று மறுமையில் கேட்கப்படும். பாவமறியாத பிள்ளை அவள். ஆனாலும் விசாரணை உண்டு. அது அவளுடைய வழக்கு. கிடைக்கும் கூலி, நடந்த அநியாயத்தை அழிப்பதில்லை.

அடுத்த மாதம், செப்டெம்பர் 9 அன்று, சத்துருக்கொண்டானில் கொல்லப்பட்ட தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இதே வழக்கு உண்டு. நம் பிள்ளைகளுக்காக மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்டால் நாம் சூராவைச் சரியாக ஓதவில்லை.

மகனே, இதுதான் உனக்கு என் பதில். துஆச் செய்வோம். கேட்பதையும் நிறுத்த வேண்டாம்.