எண்ணிம டி. ஜே. மென்பொருட்களும் கையடக்கக் கருவிகளும்

எண்ணிம டி. ஜே. மென்பொருள் என்பது கணினியில் அல்லது கைக்கணினியில் உள்ள இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பாடல்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, அவற்றின் வேகத்தையும் தாளத்தையும் பொருத்தி, இடையில் மௌனம் விழாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதற்கு உதவும் மென்பொருள் ஆகும். இம்மென்பொருளைக் கையால் இயக்குவதற்கான கட்டுப்பாட்டுப் பலகை, ஒலி அட்டை, தலையணி போன்றவை சேர்ந்தே ஒரு முழுமையான தொகுதி உருவாகிறது. மென்பொருள், கருவி, பாடல் நூலகம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்றைத் தெரிவு செய்யும்போதே மற்ற இரண்டும் பெருமளவு தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றன. புதியவர்கள் பலர் கருவியின் விலையை மட்டும் பார்த்து வாங்கிவிட்டுப் பின்னர் இடர்ப்படுவதற்கு இதுவே காரணம் எனலாம்.

வரலாறு

டெக்னிக்ஸ் நிறுவனத்தின் எஸ்எல்-1200 எம்கே2 இசைத்தட்டுச் சுழலி 1979 இல் வெளிவந்தது. அதன் பின்னர் நீண்ட காலம் இரண்டு சுழலிகளும் நடுவில் ஒரு மிக்சரும் என்பதே டி. ஜே. தொழிலின் அடிப்படை அமைப்பாக இருந்தது. நூறு இசைத்தட்டுகள் கொண்ட ஒரு பெட்டியின் எடை 20 கிலோவைத் தாண்டும். 1990களின் பிற்பகுதியில் எம்பி3 கோப்புகள் பரவியபோது, அந்தப் பெட்டியின் சுமையைக் குறைக்கலாம் என்பதே கணினியின்பால் கலைஞர்களை முதலில் ஈர்த்தது. ஆயினும் சுட்டியைக் கொண்டு பாடலை நகர்த்துவதை இசைத்தட்டில் கை பழகியவர்கள் ஏற்கவில்லை.

இந்த இடைவெளியை நிரப்பியது நேரக்குறி இசைத்தட்டு முறை ஆகும். நெதர்லாந்தைச் சேர்ந்த என்2ஐடி நிறுவனம் உருவாக்கிய ஃபைனல் ஸ்கிராட்ச் தொகுதியை ஸ்டான்டன் நிறுவனம் 2002 இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. ரிச்சி ஹாட்டின், ஜான் அக்வாவிவா ஆகிய டி. ஜே.க்கள் இதனைப் பரவலாக அறிமுகப்படுத்தினர். இவ்வகை இசைத்தட்டில் பாடல் எதுவும் பதியப்பட்டிருக்காது. தொடர்ச்சியான ஒரு மெல்லிய ஒலி மட்டுமே இருக்கும். அவ்வொலியின் அதிர்வெண்ணைக் கொண்டு தட்டு சுழலும் வேகத்தையும், இடது வலது ஒலித்தடங்களுக்கு இடையிலான கட்ட வேறுபாட்டைக் கொண்டு சுழலும் திசையையும், அதில் பொதிந்த குறியீட்டைக் கொண்டு ஊசி நிற்கும் இடத்தையும் மென்பொருள் கணிக்கிறது. கலைஞர் தட்டைப் பின்னோக்கி இழுத்தால் கணினியில் உள்ள பாடலும் பின்னோக்கி ஓடும். நியூசிலாந்தின் செராட்டோ நிறுவனம் ரேன் நிறுவனத்துடன் இணைந்து 2004 இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் லைவ் இம்முறையை மேலும் பரவச் செய்தது.

சுழலிகளே இல்லாத சிறிய கட்டுப்பாட்டுப் பலகைகள் இதையடுத்துப் பரவின. 2007 இல் வெளிவந்த வெஸ்டாக்ஸ் விசிஐ-100 இவ்வகையில் புகழ்பெற்றது. இன்று தொடக்கநிலையினர் வாங்குவனவற்றில் பெரும்பாலானவை இதன் வழிவந்த வடிவமைப்பைக் கொண்டவையே.

முன்கேட்பு

ஒரு டி. ஜே. தொகுதியைச் சாதாரணப் பாடல் இயக்கியிலிருந்து வேறுபடுத்துவது முன்கேட்பு வசதி ஆகும். கூட்டம் ஒரு பாடலைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, அடுத்த பாடலைக் கலைஞர் மட்டும் தலையணியில் கேட்டுப் பொருத்திக்கொள்ள வேண்டும். இதற்கு ஒன்றுக்கொன்று தொடர்பற்ற இரண்டு இருதட ஒலி வெளியீடுகள் தேவை. மடிக்கணினியில் உள்ள ஒலித்துளையில் பொதுவாக ஒன்றே உண்டு. எனவே கட்டுப்பாட்டுப் பலகைக்குள் ஒலி அட்டை பொருத்தப்பட்டிருக்கிறதா என்பதே வாங்கும்முன் கேட்கவேண்டிய முதற் கேள்வி.

தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் கருவிகள் இதில் வேறுபடுவதுண்டு. நியூமார்க் நிறுவனத்தின் மிகச்சிறிய பலகையான டிஜே2கோ முதலில் வெளிவந்தபோது அதில் ஒலி அட்டை இல்லை. பின்னர் வந்த டிஜே2கோ2 இல் சேர்க்கப்பட்டது. ஒலி அட்டை இல்லாதவர்கள் பிரிப்பு வடத்தைப் பயன்படுத்துவர். இடத் தடத்தில் கூட்டத்துக்கான ஒலியும் வலத் தடத்தில் முன்கேட்பும் செல்லும். செலவு மிகக் குறைவு என்றாலும் இரண்டும் ஒற்றைத்தட ஒலியாகிவிடும். வீட்டில் பழகுவதற்கு இது போதுமானது.

கம்பியில்லாப் புளூடூத் தலையணிகள் முன்கேட்புக்குப் பொருந்தா. அவற்றில் ஒலி பொதுவாக 100 மில்லிநொடிக்கும் மேல் தாமதித்தே வந்து சேரும். நிமிடத்துக்கு 128 அடி கொண்ட பாடலில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைப்பட்ட நேரமே சுமார் 469 மில்லிநொடிதான்.

தாமதமும் நிலைப்புத்தன்மையும்

கட்டுப்பாட்டுப் பலகையில் கைவைத்த கணத்துக்கும் ஒலி வெளிவரும் கணத்துக்கும் இடையிலுள்ள கால அளவு தாமதம் எனப்படுகிறது. இது பெரும்பாலும் மென்பொருளில் அமைக்கப்படும் இடையக அளவைப் பொறுத்தது. நொடிக்கு 44,100 மாதிரிகள் என்னும் வழக்கமான வீதத்தில், 256 மாதிரி கொண்ட இடையகம் சுமார் 5.8 மில்லிநொடித் தாமதத்தைத் தரும். 1024 மாதிரி என்றால் 23 மில்லிநொடி ஆகிவிடும். இடையகத்தைக் குறைத்தால் கருவி கைக்கு உடனே இணங்கும், ஆனால் கணினிக்குச் சுமை கூடி ஒலி வெட்டுப்படும். பாடல்களை மெல்ல மாற்றிச் செல்பவர் சற்றுப் பெரிய இடையகத்தை வைத்துக்கொள்வதே அறிவுடைமை. தட்டை முன்பின் தேய்த்து ஒலி எழுப்பும் கலைஞருக்கு மட்டுமே மிகக் குறைந்த தாமதம் இன்றியமையாதது.

விண்டோஸ் இயங்குதளத்தில் கருவிக்குரிய ஏசியோ இயக்கியை நிறுவுவது வழக்கம். மாக் கணினிகளில் கோர் ஆடியோ இயங்குதளத்துடனேயே வருகிறது. மேடையில் ஒலி வெட்டுப்படுவதற்குக் கணினியின் வேகக்குறைவு மட்டும் காரணமன்று. மின்சேமிப்பு அமைப்பு, கம்பியில்லா வலையமைப்பு இயக்கி, பின்னணியில் நடக்கும் மேம்படுத்தல்கள் ஆகியவையும் காரணமாகலாம். நிகழ்ச்சிக்கு முன் இவற்றை நிறுத்திவைப்பதும், புதிய பதிப்பை நிகழ்ச்சிக்கு முந்தைய நாளில் நிறுவாதிருப்பதும் அனுபவமுள்ளோர் கைக்கொள்ளும் வழக்கங்கள்.

மின்சாரமும் கவனிக்க வேண்டிய ஒன்று. சிறிய பலகைகள் யூஎஸ்பி வழியாகவே மின்சாரத்தைப் பெறுகின்றன. யூஎஸ்பி 2.0 துளை ஒன்று 500 மில்லி ஆம்பியர் வரையே தரும் என்பதால், சொந்த மின்னிணைப்பு இல்லாத பிரிப்பான் ஒன்றில் பலகையையும் வன்தட்டையும் சேர்த்துச் செருகினால் இரண்டில் ஒன்று நடுவில் துண்டிக்கப்படலாம்.

மென்பொருட்கள்

செராட்டோ டி. ஜே., நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டிராக்டர், விர்ச்சுவல் டி. ஜே., ரெக்கார்ட்பாக்ஸ், அல்கோரிதிம் நிறுவனத்தின் டிஜே (djay என்னும் செயலி) ஆகியன பரவலாக அறியப்பட்டவை. இவற்றின் அடிப்படை வசதிகளில் பெரிய வேறுபாடு இல்லை. எல்லாவற்றிலும் தாளக் கணிப்பு, ஒத்திசைவு, குறியிடல், சுழற்சி, ஒலிச் சமன்படுத்தல் ஆகியன உண்டு. பாடலிலிருந்து குரலையும் இசைக்கருவிகளையும் உடனுக்குடன் பிரிக்கும் வசதி 2020 முதல் இவற்றில் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. அதற்கு ஆற்றல் மிக்க செயலகம் தேவைப்படும்.

மிக்ஸ் என்பது கட்டற்ற மென்பொருள். 2001 இல் தொடங்கப்பட்ட இத்திட்டம் குனூ பொதுமக்கள் உரிமத்தின்கீழ் வெளியிடப்படுகிறது; விண்டோஸ், மாக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இயங்கும். இதில் எந்தப் பலகைக்கும் பயனரே கட்டளைப் பொருத்தம் எழுதிக்கொள்ள முடியும். பழைய கணினியும் பழைய பலகையும் வைத்திருக்கும் மாணவருக்கு இதைவிடச் சிறந்த தொடக்கம் இல்லை எனலாம்.

வணிக மென்பொருட்களில் உரிமமும் கருவியும் பின்னிக் கிடக்கின்றன. செராட்டோ டி. ஜே. மென்பொருளில் குறிப்பிட்ட சில கருவிகளை இணைத்தால் மட்டுமே முழு வசதிகளும் திறக்கும். ரெக்கார்ட்பாக்ஸின் நிகழ்த்து முறையும் இவ்வாறே சில பலகைகளுடன் கட்டணமின்றித் திறக்கும்; மற்றவற்றுக்குச் சந்தா செலுத்த வேண்டும். ஆகவே கருவியின் விலையோடு, அது எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பைத் திறக்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிடுவதே சரியான ஒப்பீடு.

கணினி இல்லாக் கருவிகள்

பயனியர் நிறுவனம் 2009 இல் சிடிஜே-2000 இயக்கியையும் ரெக்கார்ட்பாக்ஸ் மென்பொருளையும் ஒன்றாக வெளியிட்டது. வீட்டிலேயே பாடல்களை ஆய்ந்து பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, அரங்கில் உள்ள இயக்கியில் செருகினால் போதும் என்பது இம்முறை. இது மடிக்கணினியையே மேடையிலிருந்து நீக்கியது. பென் டிரைவை ஃபாட்32 முறையில் வடிவமைப்பது பாதுகாப்பானது. விண்டோஸ் பயனர்கள் பழகிய என்டிஎஃப்எஸ் முறையை இவ்வியக்கிகள் படிக்காமையால், அரங்கில் சென்று செருகிய பின்னரே தவற்றை உணர்ந்தவர்கள் பலர்.

மின்கலத்தில் இயங்கும் தொகுதிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. சுவீடனின் டோனியம் நிறுவனம் 2008 இல் வெளியிட்ட பேஸ்மேக்கர் உள்ளங்கையில் அடங்குவது. 120 கிகாபைட் வன்தட்டுக் கொண்டிருந்தது. புதுமையாக இருந்தும் அது நீடிக்கவில்லை. பின்னர் டெனான் டி. ஜே. நிறுவனத்தின் பிரைம் கோ (2020), ஆல்ஃபாதீட்டா நிறுவனத்தின் ஓம்னிஸ்-டுவோ (2024) ஆகியன வந்தன. மின்னிணைப்பு இல்லாத திறந்தவெளி நிகழ்ச்சிகளுக்கு இவை ஏற்றவை. மின்கலம் சில மணி நேரமே தாங்கும் என்பதையும், ஒலிபெருக்கிக்கும் தனியே மின்சாரம் வேண்டும் என்பதையும் விளம்பரங்கள் உரக்கச் சொல்வதில்லை.

பாடல் நூலகம்

கருவி பழுதானால் வேறொன்றை வாங்கலாம். பல ஆண்டுகளாகப் பாடல்தோறும் இட்ட குறிகளும், திருத்திய தாளக் கட்டங்களும், அடுக்கிய பட்டியல்களும் அவ்வாறு கடையில் கிடைப்பவை அல்ல. அவை எங்கே சேமிக்கப்படுகின்றன என்பது மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபடும். செராட்டோ குறிகளைப் பாடல் கோப்பின் உள்ளேயே எழுதுகிறது. கோப்பை வேறு கணினிக்கு நகலெடுத்தால் குறிகளும் உடன் செல்லும். டிராக்டர் தன் தொகுப்பை ஒரு தனிக் கோப்பில் வைத்திருக்கிறது. மிக்ஸ், ரெக்கார்ட்பாக்ஸ் ஆகியவை தரவுத்தளத்தைப் பயன்படுத்துகின்றன. பாடல்கள் இருக்கும் அடைவின் பெயரை மென்பொருளுக்கு வெளியே மாற்றினால், தரவுத்தளம் அவற்றைக் காணாமல் தவிக்கும். ஆதலால் காப்பு எடுக்கும்போது பாடல்களோடு தரவுத்தளத்தையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

மென்பொருட்களுக்கு இடையே நூலகத்தை மாற்றுவது இயலும், ஆனால் முழுமையாக அன்று. ரெக்கார்ட்பாக்ஸ் எக்ஸ்எம்எல் வடிவில் ஏற்றுமதி செய்யும். 2021 இல் வெளிவந்த மிக்ஸ் 2.3 பதிப்பு செராட்டோ நூலகத்தையும் ரெக்கார்ட்பாக்ஸ் பென் டிரைவையும் படிக்கும் திறன் பெற்றது. எனினும் எம்பி3 கோப்பின் தொடக்கத்தை ஒவ்வொரு மென்பொருளும் சற்று வேறாகக் கணக்கிடுவதால், மாற்றிய பின் குறிகள் அனைத்தும் சுமார் 26 மில்லிநொடி விலகி நிற்பதுண்டு. இது எம்பி3 வடிவின் ஒரு சட்டத்தின் நீளமான 1152 மாதிரிகளுக்குச் சமம்.

தானியங்கித் தாளக் கணிப்பையும் முற்றாக நம்ப இயலாது. கணினியில் உருவான நடன இசையின் வேகம் மாறாதது. மென்பொருள் அதனைப் பிழையின்றிக் கணிக்கும். பல இசைக்கலைஞர்கள் ஒருங்கிருந்து வாசித்துப் பதிந்த பழைய தமிழ்த் திரைப்பாடல்களில் வேகம் இயல்பாகவே ஏறி இறங்கும். அங்கே சீரான கட்டம் சில வரிகளிலேயே விலகிவிடும். திஸ்ர நடைப் பாடல்களின் வேகத்தை மென்பொருள் ஒன்றரை மடங்காகவோ மூன்றில் இரண்டாகவோ கணிப்பதும் உண்டு. இவ்வகைப் பாடல்களை மிகுதியாகப் பயன்படுத்துவோர், கட்டத்தைக் கையால் எளிதில் திருத்த இடந்தரும் மென்பொருளைத் தெரிவு செய்வதும், ஒத்திசைவுப் பொத்தானை நம்பாது காதால் பொருத்தப் பழகுவதும் நலம்.

பிறரின் முடிவுகளும் நூலகத்தைப் பாதிக்கின்றன. 2014 இல் வெஸ்டாக்ஸ் நிறுவனம் நொடித்தபோது அதன் பலகைகளுக்கான இயக்கிகளைப் புதுப்பிப்பார் இல்லாமற் போயிற்று. 2019 இல் மாக் இயங்குதளத்தின் கேட்டலினா பதிப்பில் ஐடியூன்ஸ் நீக்கப்பட்டபோது, அதன் எக்ஸ்எம்எல் கோப்பை நம்பியிருந்தவர்கள் பட்டியல்களை இழக்க நேர்ந்தது. 2020 நடுப்பகுதியில் ஸ்பாட்டிஃபை நிறுவனம் டி. ஜே. செயலிகளுடனான இணைப்பைத் துண்டித்தது. 2025 இல்தான் அது மீண்டும் வந்தது. இணையவழிப் பாடல்களை மட்டும் கொண்டு நூலகம் அமைத்தவர்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் அந்நூலகம் வெறும் பெயர்ப்பட்டியலாகவே இருந்தது.

சொந்தக் கோப்புகளாக வைத்திருப்பதற்கு இடம் ஒரு தடையன்று. 320 கிலோபிட் எம்பி3 வடிவில் நான்கு நிமிடப் பாடல் சுமார் 9.6 மெகாபைட், சுருக்கப்படாத வேவ் வடிவில் சுமார் 42 மெகாபைட். 64 கிகாபைட் பென் டிரைவில் முதல் வகையில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் அடங்கும். ஒரே பிரதியை இரண்டு பென் டிரைவ்களில் எடுத்துச் செல்வது தொழில்முறைக் கலைஞர்களின் வழக்கம்.