உழைப்பாளியின் உடையும் உரிமையும்

கடைசல் இயந்திரத்தின் முன்னும் மின்கம்பத்தின் மீதும் நம் இளைஞர் காற்சட்டையும் காலணியும் அணிந்து பணிபுரிவதைக் காண்கின்றோம். இக்காட்சி நமக்கு எளிதில் கிட்டியதன்று.

1927 டிசம்பரில், மகாடு நகரில், சாதியைக் காட்டிக்கொடுக்கும் உடையையும் அணிகளையும் களைந்து தூய்மையாக உடுத்துமாறு நம் தாய்மாரை டாக்டர் அம்பேத்கர் வேண்டினார். மூன்றாண்டுகள் சென்றபின், 1930 டிசம்பரில், இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்மீது ஆதிக்கச் சாதியார் எட்டுத் தடைகளை விதித்தனர். ஆடவர் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் உடுத்தலாகாது. சட்டையும் பனியனும் ஆகா. குடையும் செருப்பும் கூடா என்பன அவற்றுட் சில. மீறியோரின் குடிசைகள் கொளுத்தப்பட்டன.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமோ, ஓடும் இயந்திரத்தைச் சரிபார்க்கும் தொழிலாளி உடலோடு ஒட்டிய உடை அணிதல் வேண்டுமென்று விதித்தது; அதனை நிர்வாகமே வழங்குதல் வேண்டுமென்பது 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தாற் சேர்ந்தது. அன்று குற்றமெனப்பட்ட சட்டை, பின்னர் உரிமையாயிற்று!

ஆதலின் இளைஞர்களே, பணியுடையை அலட்சியம் செய்யாதீர். தொங்கும் துண்டும் தளர்ந்த கைச்சட்டையும் சக்கரத்திற் சிக்கின் உயிரையே பறிக்கும். பாதுகாப்பு உடை தரப்படாவிடில் தயங்காது கேட்டுப் பெறுவீர். காலையில் துவைத்த உடையோடு செல்வீர். மாலையில் அதிற் படிந்த எண்ணெய்க்கறைக்காக நாணாதீர். உடைத் தூய்மையோடு தொழில் தேர்ச்சியும் சேருமாயின், நம்மை இகழ எவர்க்கும் துணிவு வாராது.