காகிதச் சுமையும் கணினி ஏடும்

படைகளின் வரலாறு என்றதும் வாளும் பீரங்கியும் நம் நினைவுக்கு வருகின்றன. அப்படைகள் சுமந்து திரியும் புத்தகங்களை எவரும் நினைப்பதில்லை. ஒரு போர்விமானத்தின் திருகாணியை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதைப் பழுதுபார்ப்பவனுக்குச் சொல்வது புத்தகமே. அதில் ஒரு வரி பிழைத்தால், விமானி பிழைப்பது அரிது. அத்தகைய நூல்களின் கதையையே இன்று கூற விழைகின்றேன்.

1980ஆம் ஆண்டுகளில் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் தொழினுட்பக் கைந்நூல்களைத் தொன் கணக்கிலே சுமந்தன. திருத்தம் ஒன்று வந்தால், பழைய தாளை நீக்கிப் புதிய தாளைக் கையாலே செருக வேண்டும். ஆயுதம் செய்த கம்பனிகளிடம் கணினிகள் இருந்தன. ஆனால் ஒரு கம்பனியின் கணினி எழுதியதை மற்றொன்றின் கணினி வாசிக்க இயலவில்லை. இதைவிடப் பெரிய இடர் ஒன்றும் உண்டு. கணினியின் ஆயுள் சில ஆண்டுகள். ஆயுதத்தின் ஆயுளோ பல பத்தாண்டுகள். பி-52 விமானம் முதலிற் பறந்தது 1952இல். கடைசி விமானம் கட்டப்பெற்றது 1962இல். அவ்விமானங்கள் இன்றும் சேவையில் உள்ளன. அவற்றின் ஏடுகள் எத்தனை தலைமுறைக் கணினிகளைக் கடந்து வாழவேண்டும்!

இதற்குத் தீர்வு காணவே 1985இல் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் ‘கால்ஸ்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அதன்வழி இராணுவ நியமங்கள் சில பிறந்தன. 1840ஆம் இலக்க நியமம், கோப்புகளை எவ்வாறு அடுக்கி அனுப்புவது என வகுத்தது. 28000 பொறியியல் வரைபடங்களுக்கு; 28001 எழுத்துப் பகுதிக்கு; 28002 தாளைப் படம்பிடித்துப் பெற்ற உருவங்களுக்கு; 28003 விளக்கப் படங்களுக்கு.

இவற்றுள் 28001 தனிச்சிறப்புடையது. பெரிய எழுத்திலே ஒரு வரியைக் கண்டதும் அது தலைப்பு என நாம் உணர்கிறோம், கணினி உணராது. ஆகவே எழுத்தின் பருமனைக் குறிப்பதை விடுத்து, ‘இது தலைப்பு’, ‘இது எச்சரிக்கை’, ‘இது செய்முறை’ என ஒவ்வொரு பகுதிக்கும் அதன் பெயரையே குறியாக இடுமாறு அது பணித்தது. இக்கருத்தின் வித்து, 1969இல் ஐ.பி.எம். கம்பனியில் சாள்ஸ் கோல்ட்பார்ப்பும் அவர்தம் தோழர் இருவரும் வகுத்த முறையாகும். அது வளர்ந்து, 1986இல் எஸ்.ஜி.எம்.எல். என்னும் சர்வதேச நியமமாயிற்று.

மாற்றம் எளிதாக நிகழவில்லை. பழைய தாளைப் படம்பிடித்தால் மனிதக் கண் அதை வாசிக்கும். ஆனால் எச்சரிக்கை எது, செய்முறை எது எனக் கணினி பிரித்தறியாது. குறியிட்டுச் சரிபார்க்க மனித உழைப்பே வேண்டியிருந்தது. 1994இல் பாதுகாப்புச் செயலாளர் வில்லியம் பெரி, இராணுவத்துக்கெனத் தனி நியமங்கள் வகுப்பதைக் குறைத்து, வணிக உலகின் நியமங்களைத் தழுவுமாறு பணித்தார். கால்ஸின் பெயர் மெல்ல மங்கியது.

எனினும் அதன் பயன் மறையவில்லை. 1998இல் வெளிவந்த எக்ஸ்.எம்.எல்., அந்த எஸ்.ஜி.எம்.எல். முறையின் எளிய வடிவமே. அட்டவணைகளைக் குறிக்கக் கால்ஸ் வகுத்த முறை இன்றும் தொழினுட்ப நூல்களில் வழங்குகின்றது.

நேயர்களே, இக்கதை போர்ப்படைக்கு மட்டும் உரியதன்று. பாடசாலைப் பதிவேடாயினும் மருத்துவக் குறிப்பாயினும், ஏட்டைக் கணினியில் ஏற்றிவிட்டோம் என்று நாம் அமைதிகொள்ளலாகாது. நாளை வேறொரு கணினி அதை வாசிக்குமா என்பதே கேட்கவேண்டிய கேள்வி. ஒரு கம்பனியின் பூட்டுக்குள் அடைபட்ட எழுத்து, அக்கம்பனியோடு மறையலாம். பொதுவிதிக்கு அமைந்த எழுத்தே நெடிது வாழும்.