மண்ணுக்குள் ஒரு மின்கம்பி: விடை மாறிய வரலாறு



உலர்மின்கலம், சிறு மின்குமிழ், கம்பி ஆகியவற்றைக் கொண்டு எளிதிற் கடத்திகளையும் அரிதிற் கடத்திகளையும் கண்டறியும் சோதனையை நாம் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தி வருகிறோம். நாணயத்தை வைத்தால் குமிழ் எரியும். அழிப்பானை வைத்தால் எரியாது. ஒருமுறை மாணவன் ஒருவன், “ஐயா, உயிருள்ளவை மின்கம்பி செய்யுமா?” என்று கேட்டான். “மின்கம்பியை உலோகத்தால்தான் செய்ய முடியும்” என்று கூறிவிட்டு அடுத்த பக்கத்திற்குச் சென்றுவிட்டேன். என் விடை தவறு என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தேன். அவ்வினாவின் சரியான விடையைத் தேடிய அறிவியலாளர்களே ஒருமுறை தங்கள் விடையைத் திருத்த நேர்ந்தது என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். அந்த வரலாற்றையே இங்குப் பகிர்ந்துகொள்கிறேன்.

நுண்ணுயிர்களுக்கும் மின்சாரத்திற்கும் தொடர்பு உண்டு என்பது நூறாண்டுக்கும் மேற்பட்ட செய்தி. 1911-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் எம். சி. பாட்டர், ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் கரிமப் பொருள்களைச் சிதைக்கும்போது சிறிதளவு மின்னழுத்தம் தோன்றுவதை அளந்து காட்டினார். ஆயினும், அம்மின்சாரம் உயிரணுவை விட்டு எவ்வாறு வெளியேறுகிறது என்பதற்கு அன்று விடையில்லை.

1987-ஆம் ஆண்டில் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய டெரிக் லவ்லி, வாஷிங்டன் நகரை ஒட்டி ஓடும் போட்டோமாக் ஆற்றின் சேற்றிலிருந்து பெற்ற ஒரு பாக்டீரியாவைப் பற்றி எழுதினார். பின்னாளில் அவ்வினத்திற்கு ஜியோபாக்டர் என்று பெயரிடப்பட்டது. இதன் வாழ்க்கைமுறை வியப்பிற்குரியது. நாம் உண்ணும் உணவிலிருந்து ஆற்றல் பெறும்போது எஞ்சும் எலக்ட்ரான்களை, நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் ஏற்றுக்கொள்கிறது. சேற்றின் ஆழத்திலோ ஆக்சிஜன் இல்லை. அங்கு ஜியோபாக்டர் தன் எலக்ட்ரான்களைத் துரு போன்ற இரும்புச் சேர்மங்களிடம் ஒப்படைக்கிறது. சுருங்கக் கூறின், அது இரும்பைச் ‘சுவாசிக்கிறது’.

இங்கு ஒரு சிக்கல் எழுகிறது. ஆக்சிஜன் உயிரணுவிற்குள் நுழையும். துருத் துகள் நுழையாது. ஆகவே எலக்ட்ரான்தான் வெளியே பயணம் செய்ய வேண்டும். அதற்குப் பாதை எது?

2005-ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் லவ்லியின் குழுவினர் விடையொன்றை வெளியிட்டனர். ஜெம்மா ரெகேரா முதல் ஆசிரியராக இருந்த அக்கட்டுரை ‘நேச்சர்’ இதழில் வந்தது. ஜியோபாக்டரின் உடலிலிருந்து மயிரிழை போல நீளும் ‘பிலை’ என்னும் புரத இழைகளே மின்கம்பிகள் என்று அவர்கள் கூறினர். இரண்டு சான்றுகள் முன்வைக்கப்பட்டன. நுண்ணிய ஊசிமுனையால் தொட்டபோது இழைகள் மின்சாரத்தைக் கடத்தின. பிலைப் புரதத்திற்கான மரபணுவை நீக்கியபோது, அந்தப் பாக்டீரியாவால் இரும்புத் துருவைப் பயன்படுத்த இயலவில்லை. ‘நுண்ணுயிர் நானோ கம்பி’ என்ற பெயர் உலகெங்கும் பரவியது. 2011-ஆம் ஆண்டில் அதே வளாகத்தைச் சேர்ந்த நிகில் மால்வங்கரும் குழுவினரும், இவ்விழைகள் உலோகத்தைப் போன்றே மின்சாரத்தைக் கடத்துகின்றன என்று ஆய்வறிக்கை வெளியிட்டனர்.

ஆனால், ஐயம் தீரவில்லை. பொதுவாகப் புரதம் அரிதிற் கடத்தியே. உலோக அணு எதுவுமில்லாத ஓர் இழை எவ்வாறு கம்பியாகும் என்று பலர் வினவினர். இதற்கிடையில் ஷுவனெல்லா என்னும் மற்றொரு பாக்டீரியாவின் கதையும் திரும்பியது. 2006-இல் அதன் இழைகளும் பிலை போன்றவை என்று கருதப்பட்டன. 2014-இல் அவை பிலையல்ல, உயிரணுவின் வெளிச்சவ்வே நீண்டு உருவானவை என்று தெளிவாயிற்று.

2019-ஆம் ஆண்டில் ஜியோபாக்டரின் முறை வந்தது. இழைகளை உறையச் செய்து எலக்ட்ரான் நுண்நோக்கியால் ஆராய்ந்த குழுவினர், ஏறத்தாழ அணு அணுவாக அவற்றின் அமைப்பைக் கண்டனர். அவை பிலை அல்ல. ‘ஓ.எம்.சி.எஸ்’ எனப்படும் சைட்டோகுரோம் புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட மாலை அது. ஒவ்வொரு புரதத்திலும் ஆறு ஹீம் மூலக்கூறுகள். ஒவ்வொரு ஹீமின் நடுவிலும் ஓர் இரும்பு அணு. நம் குருதிக்குச் செந்நிறம் தருவதும் இந்த ஹீம்தான். ஹீம்கள் ஒன்றையொன்று தொடுமளவு நெருங்கி வரிசையாக நிற்பதால், எலக்ட்ரான் அவ்வழியே கடந்து செல்கிறது. இழையின் தடிப்பு ஏறத்தாழ 4 நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிப்பில் 20,000-இல் ஒரு பங்கு என்று கொள்ளலாம்.

அப்படியானால், மரபணுவை நீக்கியபோது எல்லாம் நின்றுபோனது ஏன்? 2021-இல் இதற்கும் விளக்கம் வெளிவந்தது. பிலை, உயிரணுவிற்குள்ளிருந்து சைட்டோகுரோம்களை வெளியே தள்ளும் தண்டு போலச் செயல்படுகிறது என்பதே அது. நம் பள்ளிச் சூழலில் சொல்வதானால், பேருந்து வராத நாளில் வகுப்பறை வெறுமையாக இருக்கும். அதனால் பேருந்து ஓட்டுநரே பாடம் நடத்துகிறார் என்று முடிவு செய்யலாமா? 2005-ஆம் ஆண்டுச் சோதனை பொய்யன்று. அதிலிருந்து பெற்ற முடிவுதான் ஒரு படி தாண்டிவிட்டது.

இதில் என்னை நெகிழ வைத்த செய்தி ஒன்று உண்டு. 2019, 2021 ஆகிய இரு ஆய்வுகளையும் முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர், அப்போது யேல் பல்கலைக்கழகத்திற்குச் சென்றிருந்த அதே நிகில் மால்வங்கர்தான். 2011-இல் தம் பெயரில் வந்த கருத்தையே அவர் மறு ஆய்வு செய்தார். லவ்லி இம்முடிவை ஏற்கவில்லை. பிலையும் மின்சாரத்தைக் கடத்தும் என்று சான்றுகளுடன் வாதிட்டு வந்துள்ளார். இது வெறும் பெயர்ச் சண்டையன்று. 2020-இல் ஆம்ஹர்ஸ்ட் ஆய்வாளர்கள் ஜியோபாக்டரின் இழைகளால் மெல்லிய படலம் செய்து, காற்றின் ஈரப்பதத்திலிருந்து ஏறத்தாழ 0.5 வோல்ட் மின்னழுத்தம் பெற்றனர். இத்தகைய கருவிகளை மேம்படுத்த வேண்டுமாயின், கையிலிருக்கும் இழை எதனால் ஆனது என்பது தெரிந்தாக வேண்டும்.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்ற நாளில், வினாவிற்கு உடனே விடையளிப்பதே நல்லாசிரியரின் அடையாளம் என்று எண்ணியிருந்தேன். இன்று அவ்வாறு எண்ணவில்லை. நம் பிள்ளைகள் விடைத்தாளில் சரிக்கும் தவறுக்கும் மட்டுமே பழகியுள்ளனர். தவறான விடையைத் திருத்திக்கொள்வதும் அறிவியலே என்பதை அவர்களுக்கு யார் சொல்வது? பெற்றோர்களே, பிள்ளை வீட்டில் வினா எழுப்பும்போது, “தெரியவில்லை, சேர்ந்து பார்ப்போம்” என்று கூறத் தயங்காதீர்கள்.

அம்மாணவன் இப்போது இடைநிலைப்பள்ளியில் பயில்கிறான். அண்மையில் அவனுடைய தம்பியைப் பள்ளியிலிருந்து அழைத்துச் செல்ல வந்திருந்தான். “நீ அன்று கேட்டாயே, அதற்கு நான் சொன்ன விடை தவறு” என்றேன். அவனுக்கு அவ்வினா நினைவில்லை. ஆயினும், அரை மணி நேரம் நின்று கேட்டுவிட்டுத்தான் சென்றான்.