தன்பாலீர்ப்பு விவாதமும் அரசியல் முத்திரைகளும்

ஓரினச்சேர்க்கை பற்றிப் பேச்சு எழுந்தால் நம் மக்கள் வாயில் முதலில் வரும் சொல் 'மேற்கத்தியக் கலாச்சாரம்'. எதிர்த் தரப்பினரோ அதைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவைக் 'காலனியச் சட்டம்' என்று சொல்வார்கள். இந்த இரண்டு முத்திரைகளையும் காரைக்காலில் வைத்து உரசிப் பார்க்கலாம்.

377 ஆங்கிலேயர் 1860-இல் எழுதி, 1862-இல் நடைமுறைப்படுத்தியது. நாகூரில் அது சட்டம். வாஞ்சூரைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் பிரெஞ்சு ஆட்சி. புரட்சிக்குப் பிறகு 1791-இல் இயற்றிய தண்டனைச் சட்டத்திலேயே பிரான்ஸ் இந்தக் குற்றத்தை விட்டுவிட்டது. காரைக்காலுக்கு 377 வந்தது 1963 அக்டோபர் 1-இல், சுதந்திர இந்தியாவின் சட்டங்களோடு சேர்ந்து. ஆக, இரண்டு மேற்கத்திய அரசுகள் சில மைல் தூரத்தில் இரண்டு விதமான சட்டம் வைத்திருந்தன. அந்தக் காலத்திலும் காரைக்கால் முஸ்லிம்கள் இந்தச் செயலை ஹலால் என்று கருதவில்லை; அதற்கு மெக்காலேயின் சட்டம் தேவைப்படவுமில்லை. ஒரு கருத்து எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதை முத்திரை சொல்லலாம். அது சரியா தவறா என்பதைச் சொல்லாது.

நீதிமன்றங்களிலும் முத்திரைகள் வேலை செய்தன. டெல்லி உயர் நீதிமன்றம் 2009-இல் 377-இன் பிடியைத் தளர்த்தியபோது, அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றவர்களில் அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியமும் உண்டு. 2013 டிசம்பர் 11 தீர்ப்பில் 377 மீண்டது. அதற்கு நீதிபதிகள் கூறிய காரணங்களில் ஒன்று, இவர்கள் மக்கள்தொகையில் மிகச் சிறிய பகுதியினர் என்பது. தீர்ப்பு நமக்குச் சாதகமானது என்று மகிழ்ந்தவர்கள் இந்த வரியைக் கவனித்தார்களா தெரியவில்லை. எண்ணிக்கை குறைவு என்பதால் முறையீட்டின் எடை குறையும் என்றால், அந்த அளவுகோல் நாளை யார் மீது வைக்கப்படும்?

2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, வயது வந்தோர் சம்மதத்துடன் ஈடுபடுவது குற்றமல்ல என்றது. 2023-இல் திருமண உரிமை வழக்கு வந்தது. அப்போது மத்திய அரசு அதை 'நகர்ப்புற மேட்டுக்குடிப் பார்வை' என்று வர்ணித்தது. ஜம்இய்யத் உலமாயே ஹிந்தும் அந்த மனுக்களை எதிர்த்து வாதிட முன்வந்தது. அக்டோபர் 17 தீர்ப்பில் திருமணம் அடிப்படை உரிமை என ஏற்கப்படவில்லை. ஆனால் மேட்டுக்குடி என்ற வாதத்தைத் தலைமை நீதிபதி சந்திரசூட் தம் தீர்ப்பில் ஏற்கவில்லை. அது உண்மையுமல்ல. குக்கிராமங்களிலும் இப்படிப்பட்ட பிள்ளைகள் இருப்பதை ஊர் ஆலிம்கள் அறிவார்கள். பெற்றோர் இரவில் வந்து தனியாகக் கேட்பதும் உண்டு.

மறுபக்கத்து முத்திரையையும் சொல்ல வேண்டும். 'ஹோமோஃபோபியா' என்ற சொல்லை அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் வெய்ன்பெர்க் 1972-இல் தம் நூலால் பரப்பினார். அடிப்பது, வீட்டை விட்டுத் துரத்துவது, வேலை மறுப்பது ஆகியவற்றுக்கு அந்தச் சொல் பொருந்தும். மார்க்கம் இதை ஹராம் என்கிறது என்று அமைதியாகச் சொல்பவருக்கும் அதே சொல்லை ஒட்டினால், பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. 'அடிப்படைவாதி' என்ற சொல்லால் வாயடைக்கப்பட்ட சமுதாயத்துக்கு இது புதிதல்ல. அந்த வலி தெரிந்த நாமே பிறருக்குப் பட்டம் சூட்டுவதுதான் வேடிக்கை.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 2021-இல், பெற்றோருக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னை வந்த இரு பெண்களின் வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்தார். தமக்கே இது பற்றி முன்முடிவுகள் இருந்தன என்று ஒப்புக்கொண்டு, உளவியல் ஆலோசகரிடம் அமர்ந்து விளக்கம் கேட்டார். இழிவில்லாத சொற்கள் வேண்டும் என்று அந்த வழக்கு வலியுறுத்தியதன் பலனாக, 2022-இல் தமிழக அரசு ஒரு சொல் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. 'தன்பாலீர்ப்பு' என்ற சொல் இன்று பரவலாகியிருக்கிறது.

இதை வெறும் நாகரிகப் பூச்சு என்று சிலர் ஒதுக்குகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 'சேர்க்கை' செயலைக் குறிக்கும். 'ஈர்ப்பு' மனதில் எழுவதைக் குறிக்கும். ஃபிக்ஹ் காலங்காலமாகப் பிரித்து வைத்திருப்பதும் இதைத்தான். உள்ளத்தில் தோன்றுவதை, சொல்லாகவோ செயலாகவோ ஆகாதவரை, அல்லாஹ் மன்னிக்கிறான் என்ற கருத்துள்ள நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. செயல் ஹராம் என்பதில் நான்கு மத்ஹபுகளுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. தண்டனையில் உண்டு: இமாம் அபூஹனீஃபா இதற்கு ஹத்து இல்லை, தஃஸீர் மட்டுமே என்றார்கள், ஷாஃபிஈ மத்ஹபில் பிரபலமான கருத்து வேறு. அந்தத் தண்டனையும் முறையான நீதிமன்றத்தின் பொறுப்பு. வீட்டாருக்கோ தெருவில் நிற்பவருக்கோ அதில் அதிகாரம் இல்லை. 'ஓரினச்சேர்க்கையாளன்' என்று ஒரு பையனுக்குப் பட்டம் கட்டும்போது, அவன் செய்யாத ஒன்றையும் அவன் மீது சுமத்தியிருக்கலாம். குர்ஆன் 49:11 பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையே தடுக்கிறது. செயலுக்கு லூத் (அலை) அவர்களின் பெயரிலிருந்தே சொல் உருவாக்கி வழங்குவதும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அதைத் தடுக்கப் போராடிய நபி அல்லவா அவர்கள்!

2025 மே மாதம் அதே உயர் நீதிமன்றத்துக்கு (காரைக்காலுக்கும் அதுதான் உயர் நீதிமன்றம்) இன்னொரு வழக்கு வந்தது. பெற்றோர் வீட்டில் அடைக்கப்பட்டிருந்த ஒரு பெண், தன்னை அடித்ததாகவும், 'சரியாக்க' சடங்குகள் செய்ததாகவும் கூறினார். நீதிபதிகள் அவரை விடுவித்தார்கள். அந்தத் தீர்ப்பிலேயே, 'குயர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் 'விசித்திரமான' என்ற பொருள் இருப்பதால் அதைப் பயன்படுத்தத் தயக்கமாக இருக்கிறது என்றும் எழுதினார்கள். நம் வீடுகளில் சடங்குக்குப் பதிலாக ஜின் பிடித்திருக்கிறது என்று ஓதிப் பார்க்கக் கூட்டிப் போகிறார்கள். அப்படி வருகிறவர்களிடம் நான் முதலில் பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு, பெற்றோரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: பிள்ளை என்ன சொன்னது, அதற்கு நீங்கள் என்ன பெயர் வைத்தீர்கள்?