கிறிஸ்துவின் மனித இயல்பும் கன்னிப் பிறப்பும்

இயேசு தூய ஆவியின் வல்லமையால் கன்னி மரியாளிடம் கருவானார் என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. நற்செய்தி நூல்களில் மத்தேயுவும் லூக்காவும் இதை விவரிக்கின்றன. இதை அவருடைய தெய்வீகத்துக்கு மட்டுமே சான்றாகக் கொள்வது குறைபட்ட பார்வை. தொடக்கத் திருச்சபைக்கு அவர் மெய்யான மனிதர் என்பதற்கும் மரியாளே சாட்சி. கிறிஸ்துவின் உடல் வெறும் தோற்றம் என்றவர்களை எதிர்த்து, அவர் மரியாளிடம் மெய்யாகவே பிறந்தார், உண்டார், குடித்தார், பாடுபட்டார் என்று 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோக்கியா ஆயர் இக்னாசியார் எழுதினார். குழாய் வழி நீர்போல கிறிஸ்து மரியாள் வழியே கடந்து வந்தார் என்ற வாலண்டினியர் எனும் ஞானவாதக் குழுவினரின் கருத்தையும் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் மறுத்தார். தாயின் சதையிலிருந்தே மகனின் சதை உருவானது என்பது அவர் வாதம். கிறிஸ்துவுக்கு மனித அறிவு இல்லை என்ற ஆயர் அப்பொலினாரியுவின் கொள்கையை 381இல் கான்ஸ்டாண்டிநோபிள் சங்கம் கண்டித்தது. 451இல் கால்சிடோன் சங்கம், பாவம் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவர் நம்மைப் போன்றவர் என அறிக்கையிட்டது. அச்சங்கத்தை ஏற்காத கோப்து, ஆர்மீனியத் திருச்சபைகளும் கன்னிப் பிறப்பை உறுதியாக அறிக்கையிடுகின்றன.